ஃபார்மேட் செய்த டிஸ்க் காலியாகிவிடுவதில்லை

பழைய லேப்டாப்பைக் கைமாற்றும் முன் பலரும் ஃபைல்களை டெலீட் செய்துவிட்டு, ஒரு குவிக் ஃபார்மேட் போடுகிறார்கள். அதோடு எல்லாம் போய்விட்டது என்று நம்புவதுதான் முதல் தவறு. அழிவது ஃபைல் அல்ல, அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே.

நண்பர் ஃபார்மேட் செய்து கொடுத்த பென் டிரைவில் ஒருமுறை, அழிந்த ஃபைல்களை மீட்டெடுக்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். பழைய பெயர்கள் போய், ‘எஃப்’ என்ற எழுத்தும் எண்களுமாக ஃபைல்கள் வரிசையாக வந்து விழுந்தன. திறந்தால் குழந்தையின் பிறந்தநாள் படங்கள், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஸ்கேன். அவரிடம் காட்டியபோது முகம் வெளுத்துவிட்டது.

இது அவர் ஒருவருக்கு நேர்ந்ததல்ல. ஆராய்ச்சியாளர்கள் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி ஆராய்ந்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129-இல் சரியாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே.

இதற்கு நேர்மாறான தவறு, பழைய தரவின் மேல் 35 முறை புதிதாக எழுதுவது. கணினி விஞ்ஞானி பீட்டர் கட்மன் 1996-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் இது. அன்றைய டிஸ்க்குகளின் பலவகைப் பதிவு முறைகள் அத்தனைக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. இன்றைய டிஸ்க்குக்கு அது தேவையில்லை என்று அவரே பின்னர் எழுதிவிட்டார். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் ஒருமுறை பூஜ்யங்களால் நிரப்பினால் பெரும்பாலும் போதும்.

மிகப் பெரிய தவறு, சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியையும் ஹார்ட் டிஸ்க் போலவே நடத்துவது. எஸ்எஸ்டியில் நீங்கள் எழுதச் சொன்ன இடத்திலேயே புதிய தரவு போய் உட்காராது. தரவைத் தாங்கும் செல்கள் சீராகத் தேயவேண்டும் என்பதற்காக, டிரைவை இயக்கும் கண்ட்ரோலர் சிப் அதை வேறிடத்தில் எழுதும். பழைய நகல் உபரிப் பகுதியில் தங்கிவிடலாம், அந்தப் பகுதி உங்கள் கம்ப்யூட்டரின் கண்ணுக்கே தெரியாது. ஆகவே துடைக்கும் வேலையை டிரைவிடமே ஒப்படைக்க வேண்டும். டிரைவ் கம்ப்யூட்டரோடு இணையும் முறை சாட்டா என்றால் செக்யூர் இரேஸ், என்விஎம்இ என்றால் சானிடைஸ் போன்ற கட்டளைகள் இருக்கின்றன. தயாரிப்பாளரின் மென்பொருளிலோ, சில கம்ப்யூட்டர்களில் ஆன் செய்ததும் திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையிலோ கிடைக்கும். யூஎஸ்பி பெட்டிக்குள் மாட்டியிருந்தால் இந்தக் கட்டளை டிரைவைச் சென்று சேராமலே போகலாம், அதனால் நேரடியாக மதர்போர்டில் இணைப்பதே நல்லது. பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் பொதுவாக இந்த வசதி கிடைக்காது. முக்கியத் தரவு இருந்தால் அவற்றைக் கைமாற்றாதீர்கள், சிப்போடு நொறுக்கிவிடுங்கள்.

காந்தம் எஸ்எஸ்டியை ஒன்றும் செய்யாது. ஒரு ஓட்டை போட்டால், ஓட்டை விழாத சிப்பில் உள்ளவை அப்படியே இருக்கும்.

என்னைக் கேட்டால், வாங்கிய முதல் நாளே முழு டிரைவையும் பிட்லாக்கர் (விண்டோஸ்), ஃபைல்வால்ட் (மேக்), லக்ஸ் (லினக்ஸ்) இவற்றில் ஒன்றால் என்கிரிப்ட் செய்துவிடுங்கள், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிடுங்கள். பிறகு சாவியை அழித்தால் மீதி வெறும் குப்பை. மாற்றுச் சாவியான ரெகவரி கீயின் நகல்கள் எங்கெங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் மறக்காதீர்கள். பல மாதம் கழித்து என்கிரிப்ட் செய்தால், அதற்கு முன் எழுதியவை உபரிச் செல்களில் பூட்டில்லாமல் கிடக்கலாம்.

துடைக்கும் பட்டனைத் தொடும் முன் மற்ற டிரைவுகளைக் கழற்றிவிட்டு, திரையில் தெரியும் சீரியல் நம்பரை லேபிளோடு ஒத்துப் பாருங்கள். அவசரத்தில் பேக்கப் டிஸ்க்கையே துடைத்தவர்கள் உண்டு. முடிந்ததும், டிஸ்க்கில் உள்ளதை அப்படியே காட்டும் ஹெக்ஸ் வியூவர் மென்பொருளில் தொடக்கம், நடு, கடைசி என நாலைந்து இடங்களைத் திறந்து பாருங்கள். பூஜ்யங்களால் நிரப்பிய டிஸ்க்கில் எங்காவது படிக்கத்தக்க எழுத்து தெரிந்தால், இன்னும் துடைத்து முடியவில்லை.