விளையாத வயலைக் காட்டுங்கள்

திருப்புல்லாணிப் பக்கம், கடலுக்கு இரண்டு மைல் தள்ளி எங்களுக்கு மூன்று ஏக்கர். புரட்டாசியில் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் காடு. ஒரு வருசம் அலுவலகம் ஒன்றுக்குப் போய், “பயிர் சாவியாப் போகுதுய்யா” என்றேன்; கதிரில் மணி பிடிக்காமல் பதராகப் போவதைத்தான் சாவி என்போம். மழை இல்லாததற்கு யார் என்ன செய்வது என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருசம் நோட்டோடு போனேன். உட்கார வைத்துக் கேட்டார்கள்.

நோட்டில் விதைத்த தேதி, மழை பெய்த தேதிகள், மழை விட்டுப்போன நாட்கள் எத்தனை, அப்போது பயிர் தூர் கட்டியதா, பூவிலா, பால் பிடித்ததா என்று எழுதுங்கள். உப்பு வெள்ளையாகப் பூத்த இடத்து மண்ணையும் நல்ல இடத்து மண்ணையும் தனித்தனியாக அரைக் கிலோ எடுத்துச் சோதிக்கக் கொடுங்கள். உப்பு மிகுந்த உவரா, சோடியம் மிகுந்த களரா என்று கேட்டு எழுதி வாங்குவது முக்கியம். களருக்கு ஜிப்சம் போட வேண்டும்; உவரை நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும்.

ஆராய்ச்சி செய்கிறவர்கள் எதை அளக்கிறார்களோ அதற்குத்தான் புது விதை பிறக்கிறது. 1966இல் வந்த ஐஆர் 8 என்ற நெல் ரகம், தண்ணீரும் உரமும் குறையாத வயலில் குட்டையாக நின்று மணியாகக் கொட்டியது. அன்று நாட்டுக்கு அரிசி வேண்டும், அதில் குற்றமில்லை. ஆனால் நெல் சாவியான வருசத்தில் எங்கள் மாட்டைக் காப்பது வைக்கோல். அது அந்தக் கணக்கில் வரவில்லை. வறட்சியைக் கணக்கில் எடுத்த பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2003இல் பிஎம்கே 3 என்ற நெல் ரகம் வந்தது. திருச்சி வேளாண் கல்லூரியின் நிலமே களர். அங்கே களர் தாங்கும் டிஆர்ஒய் நெல் ரகங்கள் பிறந்தன.

வேளாண் அறிவியல் நிலையத்தில் அறிவியல் ஆலோசனைக் குழு உண்டு. அதில் விவசாயிகளுக்கும் இடம் உண்டு. கூட்டத்துக்கு முன்பே பக்கத்துக் காட்டுக்காரர்களின் நோட்டுகளையும் சேர்த்துக் கொடுத்து, வயல்வெளிச் சோதனை வைக்கக் கேளுங்கள். புது ரகத்தோடு ஒப்பிட நம் நாட்டு நெல்லான சித்திரைக்காரையும் விதைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் இறைவை நெல்லோடு மட்டும் ஒப்பிட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது. வைக்கோலையும் எடை போடச் சொல்லுங்கள், விட்டுவிடாதீர்கள்.

சோதனைக்கு நல்ல வயலைக் கொடுக்கத்தான் மனசு வரும். “வெளையாத வயலக் காட்டுனா கேவலமில்லையா?” என்று அத்தையும் கேட்டார். காட்டாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும், அத்தை, என்றேன். இந்தப் புரட்டாசியில் வெள்ளை பூத்த அந்த வயலிலேயே குச்சி நட்டு மூன்று பாத்தி பிரித்திருக்கிறோம். ஒன்றில் விதைத்திருப்பது அத்தை நெல் சேமிக்கும் குலுக்கையிலிருந்து அள்ளிக் கொடுத்த சித்திரைக்கார்.