சென்சஸ் எண்ணைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று அரசு அறிவித்ததிலிருந்து, ‘இனி உண்மை வெளியே வந்துவிடும்’ என்ற பேச்சு எல்லாப் பக்கமும் கேட்கிறது. சறுக்கல் இங்கேயே தொடங்குகிறது. படிவத்தில் என்ன கட்டம் போட்டிருக்கிறார்களோ அதற்குள்தான் ஆட்கள் வருவார்கள். வந்தபின் அந்தக் கட்டமே அவர்கள் பெயராக ஒட்டிக்கொள்ளும்.

1901 கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி சாதிகளை எண்ணியதோடு விடவில்லை, எது மேல், எது கீழ் என்று வரிசைப்படுத்தவும் சொன்னார். ஊருக்கு ஊர் வேறாக இருந்த, தகராறும் தீராத ஒரு விஷயம் அரசு அச்சில் ஏறிவிட்டது. எண்ணப்பட்டவர்கள் சும்மா இருப்பார்களா? நாடெங்கும் சாதிச் சங்கங்கள் மனு எழுதின. நம் பக்கத்தில், பழைய பெயரை எடுத்துவிட்டு ‘நாடார்’ என்றே பதிய வேண்டும் என்று கேட்டவர்களுக்கு 1921இல் சென்னை அரசு இணங்கியது. பழைய சென்சஸ் பக்கத்தைப் படம் பிடித்து, ‘அன்றே நாங்கள் இப்படி’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் கவனிக்க: அது சண்டை நடந்துகொண்டிருந்தபோது எழுதிய வரி.

எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கேள்வியைப் பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. 1931இல் 4,147 சாதிகள். 2011இல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கும் மேல்! 2021இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசே சொன்ன எண் இது. எண்பது வருடத்தில் சாதி என்ன குட்டியா போட்டது? வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டதால் உட்பிரிவு, குலம், கோத்திரம், எழுத்துப்பிழை எல்லாம் தனித்தனிச் சாதியாக நின்றன.

‘ஒரு கட்டம்தானே’ என்று விடுவதும் ஆபத்து. 1911இல் இலங்கைக் கணக்கெடுப்பு தோட்டத் தொழிலாளர்களை ‘இந்தியத் தமிழர்’ என்று தனியே பிரித்தது. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். கட்டம்தான் எல்லாம் செய்தது என்று சொன்னால் மிகை. வாக்கு அரசியலும் சேர்ந்துதான் செய்தது. ஆனால் யாரை ‘வெளியாள்’ என்று சுட்டுவது என்பதற்கு எண்ணோடு ஒரு பட்டியல் முன்கூட்டியே தயாராக இருந்தது.

அப்புறம், நம் வீட்டு வாசலிலேயே நடக்கிற ஒன்று. கணக்கெடுக்க வரும் ஆசிரியர், “அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?” என்று கேட்பார். “வீட்ல சும்மாதான் இருக்காங்க” என்று சொன்னால் அம்மா வேலை செய்யாதோர் கட்டத்தில் போய்விடுவார், ஓய்வூதியரோடும் யாசகரோடும். சொந்த வயலில் கூலியில்லாமல் களை பறிப்பதும் சென்சஸ் விதிப்படி வேலைதான். மாடு கறந்து பாலை விற்பதும் அப்படியே. அதைச் சொன்னால்தான் எழுதுவார்கள்.