குர்ஆன் ஓதுவதும் சிந்திப்பதும்: நாளுக்கு இரண்டு பங்கு வைத்துக்கொள்ளும் முறை

நாள்தோறும் குர்ஆன் ஓதுகிறவர்கள் பலருக்கும் ஒரு கவலை உண்டு: நாக்கு ஓடுகிறது, உள்ளம் கூட வருவதில்லை. இதற்கு அஞ்சிச் சிலர், "பொருள் தெரியாமல் ஓதி என்ன பயன்?" என்று ஓதுவதையே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் எத்தனை கத்தம் (முழுக் குர்ஆனையும் ஒரு முறை ஓதி முடிப்பது) முடித்தோம் என்ற கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டுமே இழப்பு. ஓதுவதற்கு ஒரு பங்கு, சிந்திப்பதற்கு வேறொரு பங்கு என்று தனித்தனியே வைத்துக்கொண்டால் இந்தக் கவலை பெருமளவு தீரும். ஒரே இருப்பில், ஒரே பக்கத்தில் இரண்டையும் செய்யப் போய்த்தான் பலரும் களைத்துப்போகிறார்கள்.

இரண்டுக்கும் தனித்தனி ஆதாரம் இருக்கிறது. இறைவேதத்தின் ஓர் எழுத்தை ஓதினால் ஒரு நன்மை, அது பத்து மடங்காகும்; அலிஃப் லாம் மீம் ஓர் எழுத்தல்ல, மூன்று எழுத்துகள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்திருக்கிறார்கள் (திர்மிதி நபிமொழித் தொகுப்பு). பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. அதே நேரத்தில், இந்த வேதம் இறக்கப்பட்டதே அதன் வசனங்களை மக்கள் ஆழ்ந்து சிந்திப்பதற்காகத்தான் என்று 38:29 (38ஆம் அத்தியாயத்தின், அதாவது சூராவின், 29ஆம் வசனம்) சொல்கிறது. எனவே ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ள முடியாது.

ஓதும் பங்கு

இன்று உலகெங்கும் பரவியிருக்கும் மதீனா அச்சு முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதி) 604 பக்கங்கள். ஒரு ஜுஸ்வுக்கு (குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம்) ஏறத்தாழ 20 பக்கம். ஐந்து வேளைத் தொழுகைக்குப் பிறகும் நான்கு நான்கு பக்கம் ஓதினால் நாளுக்கு ஒரு ஜுஸ்வு, மாதத்துக்கு ஒரு கத்தம். சரளமாக ஓதுகிறவருக்கு இது பொருத்தமான அளவு. எழுத்துக்கூட்டி ஓதுகிறவர் பக்கக் கணக்கை விட்டுவிட்டு நேரக் கணக்கு வைத்துக்கொள்ளட்டும்: சுப்ஹுக்குப் (அதிகாலைத் தொழுகை) பின் 15 நிமிடம், அதில் எத்தனை வரி போகிறதோ அத்தனை வரி. "பக்கம் முடியவில்லையே" என்ற பதற்றம்தான் எழுத்துகளை விழுங்க வைக்கிறது.

மேல் எல்லையும் உண்டு. மாதத்துக்கு ஒரு கத்தம் போதாது என்று நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) மீண்டும் மீண்டும் கேட்டபோது நபியவர்கள் படிப்படியாக நாள்களைக் குறைத்துக் கொடுத்தார்கள். ஆனால் மூன்று நாளுக்குக் குறைவாக முழுக் குர்ஆனையும் ஓதி முடிப்பவர் அதை விளங்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

சுப்ஹு நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அந்நேரத்து ஓதல் சாட்சியமளிக்கப்படுவது என்கிறது 17:78. இரவில் வழக்கமாக ஓதுகிறவர் ஒரு நாள் தூங்கிவிட்டால், மறுநாள் சுப்ஹுக்கும் லுஹருக்கும் (நண்பகல் தொழுகை) இடையில் ஓதினால் இரவில் ஓதியது போலவே எழுதப்படும் என்ற நபிமொழி முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. ஆகவே விட்டுப்போன பங்கை அந்த இடைவேளையில் முடித்துவிடுங்கள். நான்கைந்து நாள் பாக்கியைச் சேர்த்துவைத்து ஒரே வெள்ளிக்கிழமையில் தீர்க்கப் பார்ப்பதுதான் வழக்கத்தையே குலைக்கிறது.

உட்காரும் முன் ஒளு (தொழுகைக்கான கைகால் முகக் கழுவல்) செய்துகொள்ளுங்கள். மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குவது சுன்னத்து (நபிவழி). ரிஹாலில் (முஸ்ஹஃபை வைக்கும் மடக்குப் பலகை) வைத்து ஓதினால் முதுகு வளையாது. எப்போதும் ஒரே அச்சு முஸ்ஹஃபையே பயன்படுத்துங்கள். எந்த வசனம் பக்கத்தின் எந்த மூலையில் வருகிறது என்று கண் பழகிக்கொள்ளும். மனனத்துக்கும் பின்னர் தேடி எடுப்பதற்கும் அது பெரிய உதவி. கைபேசியில் ஓதுகிறவர்கள் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். ஒரு செய்தி ஒலி வந்தால் போதும், கண் வரியில் இருந்தாலும் உள்ளம் வெளியே போய்விடும். தொடங்கும்போது அவூது என்ற பாதுகாவல் தேடும் சொல் (16:98), சூராவின் தொடக்கத்தில் பிஸ்மில்லாஹ். தவ்பா சூராவுக்கு மட்டும் பிஸ்மில்லாஹ் இல்லை.

உச்சரிப்பில் நம்மவர்களுக்கு நேரும் பிழைகள்

தமிழ் எழுத்தில் அச்சிட்ட அரபியைப் பார்த்து ஓதுவது தற்காலிக ஊன்றுகோல்தான். தமிழில் "ஹ" என்று ஒரே எழுத்தில் எழுதுவது அரபியில் இரண்டு வேறு ஒலிகள். "ஸ" என்பதற்குள் மூன்று ஒலிகள் ஒளிந்திருக்கின்றன. காஃப் இரண்டு உண்டு: "கல்ப்" என்ற சொல்லை அடித்தொண்டைக்கு அருகிலிருந்து வருவதில் சொன்னால் இதயம், முன்னே வருவதில் சொன்னால் நாய். தமிழில் எழுதினால் இரண்டும் "கல்ப்"தான்.

முதலில் குர்ஆனின் முதல் சூராவான ஃபாத்திஹாவைச் சரிசெய்யுங்கள். தொழுகையே அதைச் சார்ந்திருக்கிறது. ஓர் உஸ்தாதின் (ஆசிரியர்) முன் உட்கார்ந்து இந்த இடங்களைக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். "இய்யாக்க" என்பதில் ய் அழுத்தத்தோடு இரட்டிக்க வேண்டும். அழுத்தம் போனால் "உன்னையே" என்ற பொருள் போய்விடும். "அன்அம்த்த" என்பதை "அன்அம்த்து" என்று முடித்தால், அருளியவன் இறைவன் என்பது மாறி, அருளியவன் நான் என்றாகிவிடும். "அல்லதீன" என்பதில் நுனிநாக்கு மேல்பற்களின் விளிம்பைத் தொட வேண்டும். "அல்லஸீன" என்பது பரவலான பிழை. கடைசிச் சொல்லான "ளால்லீன்" என்பதில் "ளா" நீட்டம் ஆறு ஹரக்கத்து அளவு. ஒரு விரலை மடக்கும் நேரம் ஒரு ஹரக்கத்து என்று உஸ்தாதுமார் கணக்குச் சொல்லித் தருவார்கள்.

உஸ்தாது கிடைக்காத நாள்களில் எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியின் ஓதலைக் கேட்டுப் பின்தொடருங்கள். முழுக் குர்ஆனையும் முதன்முதலில் ஒலிப்பதிவு செய்தவர் அவர்தான் (1961). அவருடைய கற்பித்தல் பதிவில், கேட்பவர் திருப்பிச் சொல்ல ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் இடைவெளி இருக்கும். முதலில் கேளுங்கள், பிறகு கூடச் சொல்லுங்கள், பிறகு தனியே ஓதிப் பதிவுசெய்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை நம் காதிலேயே விழும்.

எங்கே நிறுத்துவது

ஒவ்வொரு வசனமாக நிறுத்தி ஓதுவது நபியவர்களின் வழக்கம் என்று அவர்களுடைய மனைவி உம்மு ஸலமா (ரலி) சொல்லியிருக்கிறார்கள். நீண்ட வசனங்களில் நிறுத்தக் குறிகளைப் பாருங்கள்: மீம் இருந்தால் நிறுத்தியே ஆக வேண்டும், ஜீம் இருந்தால் இரண்டும் சரி, வரியின் நடுவே "லா" இருந்தால் நிறுத்தக் கூடாது. மூன்று புள்ளிகள் இரண்டு இடத்தில் இணையாக வந்தால் ஏதேனும் ஓரிடத்தில் மட்டும் நிறுத்தலாம். பகரா சூராவின் இரண்டாம் வசனத்திலேயே "ரைப", "ஃபீஹி" என்ற சொற்களின் மேல் இதைப் பார்க்கலாம்.

மூச்சு முட்டி இடையில் நின்றுவிட்டால் இரண்டு மூன்று சொல் பின்னே போய்த் தொடருங்கள். 4:43-ல் "தொழுகையை நெருங்காதீர்கள்" என்ற இடத்தில் மூச்சு விட்டால், "போதையில் இருக்கும்போது" என்ற பகுதி துண்டாகி, பொருள் தலைகீழாகிவிடும்.

சஜ்தா வசனத்தை (ஓதியதும் நெற்றியைத் தரையில் வைத்துச் சிரம்பணியும் வசனம்) தவறவிடாதீர்கள். ஓரத்தில் குறியிருக்கும். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் (மார்க்கச் சட்ட வழி) எண்ணிக்கை 14தான்; ஆனால் ஹனஃபிகள் ஸாத் சூராவின் 24ஆம் வசனத்தைச் சேர்க்கிறார்கள், ஷாஃபிஈகள் ஹஜ் சூராவின் இரண்டாவது சஜ்தாவைச் சேர்க்கிறார்கள். ஹனஃபிகளுக்கு இது வாஜிபு (கட்டாயம்), ஷாஃபிஈகளுக்கு சுன்னத்து. நம் ஊர்களில் இரு மத்ஹபினரும் கலந்து இருப்பதால் ஒருவர் குனிய மற்றவர் விழிப்பது நடக்கும். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு.

சிந்திக்கும் பங்கு

இதற்கு நாளுக்கு 10 நிமிடமும் ஐந்தாறு வசனங்களும் போதும். ஒரு வாரம் முழுக்க ஒரே சிறிய சூராவில் நில்லுங்கள். பத்து வசனம் கற்றால் அவற்றின் அறிவையும் செயலையும் கற்காமல் நபித்தோழர்கள் அடுத்ததற்குப் போவதில்லை என்று அவர்களிடம் பாடம் கேட்ட அபூ அப்துர்ரஹ்மான் அஸ்ஸுலமி சொல்லியிருக்கிறார். 5:118 என்ற ஒற்றை வசனத்தையே திரும்பத் திரும்ப ஓதி நபியவர்கள் ஓர் இரவு முழுக்க நின்று தொழுதார்கள் என்று அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள். "சூரா எப்போது முடியும்" என்ற நினைப்பு உள்ளத்தில் இருக்கக் கூடாது என்பது இப்னு மஸ்ஊத் (ரலி) சொன்ன அறிவுரை.

மாஊன் சூராவை எடுத்துக்கொள்வோம், ஏழு வசனம். முதல் நாள் அரபியில் மூன்று முறை நிறுத்தி ஓதுங்கள், பிறகு தமிழ் தர்ஜமாவை (மொழிபெயர்ப்பு) ஒரு முறை படியுங்கள், மீண்டும் அரபியில் ஓதுங்கள். இந்தக் கடைசி ஓதல் முக்கியம். படித்த பொருள் அரபிச் சொற்களின் மேல் வந்து ஒட்டிக்கொள்வது அப்போதுதான்.

இரண்டாம் நாளிலிருந்து கேள்விகள். சூரா ஒரு வினாவோடு தொடங்குகிறது: தீர்ப்பு நாளைப் பொய்யாக்குகிறவனைப் பார்த்தீரா? அடுத்த வசனத்தை ஓதாமல் நின்று, நாமாக இருந்தால் யாரைச் சொல்லியிருப்போம் என்று யோசியுங்கள். கொள்கையில் மறுப்பவனைச் சொல்லியிருப்போம். குர்ஆனோ அநாதையை விரட்டுகிறவனைக் காட்டுகிறது. மூன்றாம் வசனத்தில், "ஏழைக்கு உணவளிக்கமாட்டான்" என்று இல்லை. உணவளிக்கத் தூண்டமாட்டான் என்று இருக்கிறது. கையில் காசில்லாதவரும் இதிலிருந்து தப்ப முடியாது, தூண்டுவதற்கு வாய் போதுமே.

நான்காம் வசனம் "தொழுகையாளிகளுக்குக் கேடுதான்" என்கிறது. இதோடு ஓதலை முடித்து முஸ்ஹஃபை மூடிவிடக் கூடாது. யாருக்கு என்று ஐந்தாம் வசனம்தான் சொல்கிறது: தம் தொழுகையில் பாராமுகமாக இருப்பவர்களுக்கு. தொழாதவர்களைப் பற்றிய பேச்சே இங்கு இல்லை. முஸல்லாவில் (தொழுகை விரிப்பு) உட்கார்ந்து இதை ஓதிக்கொண்டிருப்பவரைப் பார்த்துத்தான் இந்த எச்சரிக்கை. கடைசி வசனத்தின் மாஊன் என்பது, வாளி, சமையல் பாத்திரம் போல அண்டை அயலார் இரவல் வாங்கிக்கொள்ளும் சில்லறைப் பொருள்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) விளக்கியிருக்கிறார்கள். மறுமையை மறுப்பது பற்றித் தொடங்கிய சூரா ஒரு வாளியில் வந்து முடிகிறது. ஏன் என்ற கேள்வியோடு ஒரு நாள் இருங்கள், பதிலுக்கு அவசரப்பட வேண்டாம்.

பிறகு, செயல் ஒன்று. "நல்லவனாக இருப்பேன்" என்ற பொதுவான உறுதி இரண்டு நாளில் கரைந்துவிடும். "பக்கத்து வீட்டார் கேட்ட ஏணியை நாளை கொண்டுபோய்க் கொடுப்பேன்" என்பது நிற்கும். அந்த வாரம் முழுக்கச் சுன்னத்துத் தொழுகைகளில் அதே சூராவை ஓதுங்கள். தொழுகையில் மனம் அலைபாய்வதற்கு இதைவிட நல்ல மருந்து இல்லை என்றே சொல்ல வேண்டும்.

ஒரு சிறிய ஏடு வைத்து வசன எண், எழுந்த கேள்வி, செய்யப்போகும் செயல் ஆகியவற்றை ஒவ்வொரு வரியில் குறித்துவையுங்கள். ஹலால், ஹராம், வாரிசுரிமை, தலாக் போன்ற சட்டம் தொடர்பான கேள்விகளை நாமாகத் தீர்க்கக் கூடாது. மார்க்க அறிஞரான ஆலிமிடம் கொண்டுபோக வேண்டும். தர்ஜமாவை மட்டும் வைத்து மார்க்கத் தீர்ப்பு எடுப்பது ஆபத்து. வசனம் எந்தச் சூழலில் இறங்கியது, வேறெந்த வசனம் அதை விளக்குகிறது என்பதெல்லாம் அதில் இருக்காது.

வசனத்துக்குப் பதில் சொல்லுங்கள்

இரவுத் தொழுகையில் நபியவர்கள் தஸ்பீஹ் (இறைவனின் தூய்மையைப் போற்றுதல்) வரும் வசனத்தில் தஸ்பீஹ் செய்தார்கள், கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார்கள், பாதுகாவல் தேட வேண்டிய இடத்தில் தேடினார்கள் என்று ஹுதைஃபா (ரலி) அறிவிக்கிறார்கள். தனியே ஓதும்போது இப்படியே செய்யுங்கள். சுவர்க்க வசனத்தில் நிறுத்தித் தமிழிலேயே கேளுங்கள். ஃபாத்திஹாவில் இன்னும் நெருக்கம்: அடியான் ஒவ்வொரு வசனமாக ஓத, "என் அடியான் என்னைப் புகழ்ந்தான்" என்று அல்லாஹ் மறுமொழி சொல்வதாக முஸ்லிம் தொகுப்பில் வரும் ஹதீஸ் குத்ஸி (இறைவன் சொன்னதாக நபியவர்கள் அறிவிக்கும் நபிமொழி) தெரிவிக்கிறது. ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் ஒரு மூச்சு நேரம் நில்லுங்கள். அந்த மறுமொழியை நினைவில் கொண்டுவர அது போதும்.

உள்ளம் வறண்டிருக்கும் நாள்கள் வரும். அப்போது சிந்திக்கும் பங்கைக் குறையுங்கள், ஓதும் பங்கை விடாதீர்கள். அல்லது பிறர் ஓதக் கேளுங்கள். நபியவர்களே இப்னு மஸ்ஊதை ஓதச் சொல்லிக் கேட்டார்கள். நிஸா சூராவின் 41ஆம் வசனம் வந்ததும் போதும் என்றார்கள், கண்கள் நீர் வடித்துக்கொண்டிருந்தன. அழுகை வரவில்லையே என்று வருந்தி வலிந்து குரலை நடுங்க வைக்க வேண்டாம். அது ஓதலின் கவனத்தைக் கேட்பவர்கள் பக்கம் திருப்பிவிடும். வசனத்தைப் படித்ததும் "இது இன்னாருக்குப் பொருந்தும்" என்று தோன்றினாலும் இதே விலகல்தான். அந்த இடத்தில் நிறுத்தி, முதல் சொல்லிலிருந்து மீண்டும் ஓதுங்கள்.

வயதான பின் ஓதக் கற்கத் தொடங்குகிறவர்கள், குறிப்பாக மக்தபுக்கு (சிறுவர் குர்ஆன் பள்ளி) போக வாய்ப்பில்லாமல் போன பெண்கள், பிள்ளைகள் முன் திக்குவதற்குக் கூச்சப்படுகிறார்கள். சரளமாக ஓதுகிறவர் கண்ணியமிக்க வானவர்களோடு இருப்பார், திக்கித்திக்கிச் சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரட்டைக் கூலி என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் உள்ளது. இவர்கள் அலிஃப் பாவில் தொடங்கி, நாளுக்கு மூன்று எழுத்து, வாரத்தில் ஒரு நாள் திருப்புதல் என்று போகலாம். எழுத்துகள் 28. இரண்டு மூன்று மாதத்தில் எழுத்துக்கூட்டல் வரை வந்துவிடலாம். அதற்குப் பிறகு முதல் பாடமாக ஃபாத்திஹாவை முஸ்ஹஃபில் விரல் வைத்து ஓதுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த சூரா என்பதால் கண்ணும் நாக்கும் சேர்ந்து பழக அதுவே எளிது.