பழைய சிஎன்சி கன்ட்ரோலை சர்வரோடு இணைக்க நடுவில் ஒரு பெட்டி

விண்டோஸ் எக்ஸ்பி உள்ளே ஓடும் சிஎன்சி கன்ட்ரோலை (புரோகிராம்படி வெட்டும் மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்) ஃபைல் சர்வரோடு இணைக்கப் பார்த்தால், பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், ஷேர் (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர்) மட்டும் திறக்காது. கேபிளைச் சந்தேகப்பட்டு அலைய வேண்டாம். அந்தக் கன்ட்ரோலுக்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு நெறிமுறை மட்டும்தான். விண்டோஸ் சர்வர் 2019-ஐப் புதிதாக நிறுவினால் அது இருக்காது, லினக்ஸில் ஃபைல் பகிரும் மென்பொருளான சாம்பாவிலும் 4.11-இலிருந்து அணைத்தே வருகிறது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஒரு மெஷினுக்காக மெயின் சர்வரில் அதைத் திறந்துவிடாதீர்கள், தயவுசெய்து.

இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றை நான் நடுவில் வைப்பேன். ஒரு கார்டு ஆபீஸ் பக்கம். இன்னொன்று மெஷின் பக்கம்: பெட்டிக்கு 192.168.50.1, மெஷினுக்கு 192.168.50.11, மாஸ்க் 255.255.255.0. கேட்வே காலியாகவே இருக்கட்டும். இரண்டு கார்டுக்கும் இடையே ஐபி ஃபார்வர்டிங் (ஒரு பக்கத்துத் தரவை மறுபக்கம் கடத்துவது) கூடாது. சாம்பாவை மெஷின் பக்கக் கார்டில் மட்டும் கேட்கச் சொல்லி, குறைந்தபட்ச நெறிமுறையை என்டி1 (அதாவது எஸ்எம்பி1) ஆக்குங்கள். புரோகிராம்களை மெயின் சர்வரிலிருந்து எஸ்எம்பி3 வழியாக இந்தப் பெட்டிதான் சில நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வரும்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடவில்லையா? என்னை ஒரு நாள் முழுக்க உட்கார வைத்த சிக்கல் இது. சாம்பா 4.5-இலிருந்து பழைய என்டிஎல்எம் உறுதிப்பாட்டை (பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பழைய முறை) இயல்பாக ஏற்பதில்லை. எக்ஸ்பி இயல்பாக அனுப்புவதோ அதைத்தான். இந்தப் பெட்டியில் மட்டும் அதை அனுமதியுங்கள். இந்தப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வேறெங்கும் பயன்படக் கூடாது.

டாஸ் காலத்துக் கன்ட்ரோல் என்றால் ஃபைல் பெயர் எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து. அவ்வளவுதான்.

ஷேரிலிருந்து நேராகப் புரோகிராமை ஓட்டாதீர்கள். ஒருமுறை ஃபினிஷிங் நடுவே இணைப்பு அறுந்து, டூல் ஜாப் (வெட்டப்படும் பொருள்) மேலேயே நின்றுவிட்டது. அந்தத் தழும்பைத் தேய்த்து எடுக்க முடியவில்லை, ஜாப் போனதுதான். கன்ட்ரோலின் நினைவகத்துக்குக் காப்பி செய்து, கடைசி வரி வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட்.

மெஷினுக்குப் போகும் ஃபோல்டரைப் படிக்க மட்டும் திறந்து வையுங்கள். ஆபரேட்டர் ஃபீடைத் (டூல் நகரும் வேகம்) திருத்தினால், அது போய்ச் சேர எழுதும் அனுமதியோடு தனி ஃபோல்டர் வேண்டும். அந்தத் திருத்தத்தைப் புரோகிராம் எழுதியவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு மூலத்தில் சேர்க்கலாம்.