வெங்காயத் தோலில் ஈஸ்டர் முட்டை: இலை ஏன் என் முட்டையில் மட்டும் பதியவில்லை?

பிராங்க்ஃபர்ட்டுக்குக் குடிவந்த முதல் வசந்தத்தில், ஈஸ்டர் ஞாயிறு காலை எங்கள் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் ஒரு சின்னக் கூடை தொங்கியது. உள்ளே கொஞ்சம் பாசி, அதன்மேல் மூன்று முட்டைகள். செம்பழுப்பு ஓட்டில் வெள்ளையாக ஒரு தீவனப்புல் இலை, நரம்புகூடத் தெரியும்படி. யாரோ தூரிகையால் வரைந்தது என்றே நினைத்தேன். கீழ்வீட்டு மூதாட்டியிடம் நன்றி சொல்லப் போனபோது அவர் சிரித்துக்கொண்டே, "வெங்காயத் தோல், பழைய ஸ்டாக்கிங்ஸ் காலுறை. வேறொன்றும் இல்லை" என்றார்.

அந்த "வேறொன்றும் இல்லை"யை நம்பி மறு வருடம் பதினான்கு முட்டைகளைப் பாழாக்கினேன். தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்த எனக்கு ஈஸ்டர் என்றால் நள்ளிரவுத் திருப்பலியும் மதியம் பிரியாணியும்தான். முட்டைக்குச் சாயம் போட்ட அனுபவம் கிடையாது. இப்போது ஓரளவு கைவந்துவிட்டது. நான் இடறிய இடங்களில் நீங்கள் இடற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு

மார்ச் 21-ஆம் தேதியன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால் தேதி ஊஞ்சலாடும்: 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20. ஜெர்மனியில் பெரிய வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கடைகள் மூடியிருக்கும். வெள்ளை முட்டை புதன்கிழமையே தீர்ந்துபோகும். ஆகவே முந்தின வாரக்கடைசியிலேயே வாங்கிவிடுங்கள். சாயம் போடும் நாள் பெரிய வியாழன். ஜெர்மானியர் அதைப் 'பச்சை வியாழன்' என்கிறார்கள். அந்தப் பச்சையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தோல் சேர்ப்பது

ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கை நிறைய, அமுக்கி எடுத்த காய்ந்த தோல் வேண்டும். சமைக்கும்போது உரிப்பதை ஒரு காகிதப் பையில் போட்டுவாருங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். சாம்பார் வைக்கும் வீட்டில் மூன்றே வாரத்தில் சேர்ந்துவிடும். சேரவில்லையா? கடையில் வெங்காயப் பெட்டியின் அடியில் உதிர்ந்து கிடக்கும், கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் இருப்பவர் ஈஸ்டர் வாரத்தில் ஏன் என்று கேட்கமாட்டார்.

தோலை எவர்சில்வர் பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, முழுதும் ஆறவிடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். கடையில் விற்கும் சாய மாத்திரைப் பெட்டிகள் எனக்குப் பிடிப்பதில்லை. அந்த நீலமும் இளஞ்சிவப்பும் மிட்டாய்க் கடையை நினைவூட்டுகின்றன.

முட்டையைத் தயார் செய்வது

வெள்ளை ஓட்டு முட்டைதான் எடுக்க வேண்டும். பழுப்பு ஓட்டிலும் சாயம் ஏறும், ஆனால் இலை தெரியாது. ஐரோப்பிய முட்டைகளின் ஓட்டில் சிவப்பு மையில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். அதன் முதல் இலக்கம் 0 என்றால் இயற்கைப் பண்ணை, 1 திறந்தவெளி, 2 கொட்டகை, 3 கூண்டு. என் முதல் தொகுதியில் அழகான சாயத்தின் நடுவே இந்த எண்ணும் பளிச்சென்று தெரிந்தது. வினிகர் நனைத்த பஞ்சால் தேய்த்தால் மை போய்விடும்.

தேய்த்ததும் தண்ணீரில் அலசிவிடுங்கள். இங்கேதான் என் இரண்டாவது தோல்வி. வினிகர் சாயத்தைப் பிடிக்கவைக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, அதிகம் போட்டால் அதிகம் பிடிக்கும் என்று முட்டைகளை அரை மணி நேரம் வினிகரிலேயே ஊறவைத்தேன். ஓடு கால்சியம் கார்பனேட். அமிலம் அதைக் கரைக்கும். பொங்கிப் பொங்கிக் குமிழி வந்தது, மேற்பரப்பு சுண்ணாம்புச் சுவர்போலச் சொரசொரத்துத் திட்டுத்திட்டாகச் சாயம் ஏறியது. ஒரு லிட்டர் சாயத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் போதும்.

இலை கட்டுவது

எனக்கு இரண்டு வருடம் பிடித்த படி இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் கறிவேப்பிலை வைத்தேன். வாசமாக இருக்குமே என்ற ஆசை. அது தடிமன், முட்டையின் வளைவுக்குப் பணியாமல் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். தூக்கிய இடத்தில் சாயம் புகுந்து இலை இருந்த தடமே அழிந்துவிட்டது. மெல்லிய, மடங்கும் இலைதான் வேண்டும். எனக்கு மிக நன்றாக வந்தது கொத்தமல்லி. தீவனப்புல், பார்ஸ்லி, டான்டெலியன் இளந்தளிர் ஆகியவையும் நல்லவை. பறித்த இலையைப் பத்து நிமிடம் ஒரு கனத்த புத்தகத்துக்குள் வையுங்கள். பிறகு தண்ணீரில் நனைத்து, நரம்புப் பக்கம் ஓட்டைத் தொடும்படி, முட்டையின் கூர்முனையில் அல்லாமல் விலாப் பக்கத்தில் ஒட்டி, விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள். கொத்தமல்லியின் ஒவ்வொரு பிளவும் ஓட்டோடு ஒட்டிக்கொண்டதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டே அடுத்த வேலை.

இலையை முட்டையோடு இறுக்கிப் பிடிக்கத்தான் ஸ்டாக்கிங்ஸ். அந்த விஷயத்தில் நான் செய்த தவறு, குளிர்காலத்தில் போடும் தடித்ததை வெட்டியது. சாயம் உள்ளே நுழையவே இல்லை. பொட்டலத்தில் 15 அல்லது 20 டெனியர் என்று போட்டிருக்கும் மெல்லியதை வாங்குங்கள். ஒரு சாண் நீளத் துண்டு ஒரு முட்டைக்குப் போதும். ஒரு முனையை முடிந்து, இலை நகராமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி முட்டையை உள்ளே விட்டு, துணியை முதுகுப்பக்கம் இழுத்துத் திருகி, தையல் நூலால் கட்டுங்கள். ரப்பர் பேண்டு வெந்நீரில் தளர்ந்துவிடுகிறது, நூலே நம்பகம். மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டுவதுபோல் இறுக்க வேண்டும். கட்டியபின் துணியில் ஒரு சுருக்கமும் இருக்கக் கூடாது, இலையின் நரம்பு துணிக்கு மேலேயே விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். முடிச்சு விழும் இடத்தில் நட்சத்திரம்போல ஒரு வெளிர்த்தடம் வரும். அதைத் தவிர்க்க முடியாது. கூடையில் வைக்கும்போது அந்தப் பக்கத்தைக் கீழே திருப்பிவிடுங்கள்.

வேகவைப்பது

ஆறிய சாயத்தில், குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவைத்த முட்டைகளைப் போட்டு, வினிகர் ஊற்றி, மெல்லச் சூடேற்றுங்கள். முட்டையின் அகன்ற முனையில் ஊசியால் குத்தினால் வெடிக்காது என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள், அதற்கென்றே ஒரு கருவியும் விற்கிறார்கள். என் அனுபவத்தில் குளிர்ந்த முட்டையைக் கொதிநீரில் போடாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தளதளவென்று கொதிக்கவிட்டால் ஒன்றோடொன்று மோதிக் கீறும். மெல்லிய கொதியில் பத்து நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து, சாயத்திலேயே ஆறவிடுங்கள். அடர்நிறம் வேண்டுமென்றால், ஆறியதும் பாத்திரத்தோடு இரவு முழுக்கக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

துணியை வெட்டி, இலையை உரித்து, ஈரம் போக ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். காய்ந்தபின் ஒரு சொட்டு எண்ணெய். கீழ்வீட்டு மூதாட்டி பன்றிக்கொழுப்புத் தோலால் மெருகேற்றுவார், அதுதான் இங்கே பழைய முறை. நான் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைக்கிறேன். நல்லெண்ணெய் வேண்டாம்; மினுக்கம் வரும், கூடவே வாசமும் வரும்.

மற்ற நிறங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள்தூள் மூன்று மேசைக்கரண்டி, நல்ல மஞ்சள். ஊதா முட்டைக்கோஸ் வேகவைத்த நீர் ஊதாவாக இருக்கும், முட்டையோ நீலமாக வெளியே வரும். குழந்தைகள் வாயைப் பிளப்பார்கள். பீட்ரூட் ஏமாற்றும்.

கூடும் கிளையும்

பிளாஸ்டிக் புல் வாங்காதீர்கள். ஈஸ்டருக்கு எட்டுப் பத்து நாள் முன்பு ஒரு கிண்ணத்தில் கோதுமையை ஊறவைத்து, கொஞ்சம் மண்ணில் விதைத்து, சன்னலோரம் வையுங்கள். நம் முளைப்பாரி மாதிரியேதான். அந்தப் பச்சைக்குள் மூன்று முட்டைகளைச் சொருகிக் கொடுத்தால் வேறு பரிசே தேவையில்லை. கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் வாழும் சோர்பிய மக்களிடம் ஞானப்பெற்றோர் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கும் பழைய வழக்கம் உண்டு. இறகுக் காம்பால் மெழுகு தொட்டுப் பொட்டுப்பொட்டாக வைக்கும் அவர்கள் வேலைப்பாட்டைப் பார்த்தால் என் கொத்தமல்லி வெட்கப்படும்.

வீட்டுக்குள் வைக்கும் ஈஸ்டர் கிளைக்கு மஞ்சள் பூ பூக்கும் ஃபோர்சித்தியா சிறந்தது. இரண்டு வாரம் முன்பே மொட்டோடு வாங்கி வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் சரியாகப் பூக்கும். வில்லோ மரத்தின் வெள்ளிக் குஞ்சங்களைக் காட்டில் ஒடிக்க வேண்டாம், குளிர்காலம் முடிந்து வெளியே வரும் தேனீக்களுக்கு அவைதான் முதல் உணவு. கிளையில் தொங்கவிட வெற்று முட்டை வேண்டும்: இரு முனையிலும் ஊசித்துளை, பல்குச்சியால் மஞ்சள்கருவைக் கலக்கிவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும் ஊசியில்லாச் சிரிஞ்சை மேல்துளையில் அழுத்திக் காற்றைச் செலுத்துங்கள். வாய் வைத்து ஊதினால் சால்மொனெல்லாக் கிருமி பயம், கன்னமும் வலிக்கும். அலசிக் காயவைத்து, பாதித் தீக்குச்சியில் நூல் கட்டி உள்ளே நுழையுங்கள். உள்ளே போனதும் குச்சி குறுக்கே திரும்பி நின்றுகொள்ளும்.

ஒளித்துவைப்பது

முட்டைகளை முயல் ஒளித்துவைக்கிறது என்பது குழந்தைகளுக்கான கதை. 1682-இலேயே ஒரு ஜெர்மானிய மருத்துவர், கியோர்க் ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கெனாவ், ஈஸ்டர் முட்டை பற்றிய தம் லத்தீன் ஆய்வுரையில் இந்த முயலைக் குறிப்பிட்டிருக்கிறார். நடைமுறையில் முயல் நாம்தான். எத்தனை, எங்கே என்று எழுதிவையுங்கள். ஒரு சாக்லேட் முயலை ஹீட்டருக்குப் பின்னால் ஒளித்து மறந்துவிட்டு, மாலையில் தங்கத்தாளை மட்டும் எடுத்தேன். 2024-இல் ஈஸ்டர் அன்றே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் நாளும் சேர்ந்துகொண்டது. குழந்தைகள் எழுந்தபோது நான் இன்னும் செருப்புக்கூடப் போடவில்லை.

பிறகு சேர்த்தவை

இதை முதலில் எழுதியபின் வாசகர்கள் கேட்டவை சில. சின்ன வெங்காயத் தோல் ஆகுமா என்று ஒருவர் கேட்டார். செய்து பார்த்தேன், ஆகும், நிறம் இன்னும் கருத்து வருகிறது. நாட்டுக்கோழி முட்டையில் இலை மங்கலாக வந்தது என்று எழுதியவருக்கு: ஓடு இளம்பழுப்பு என்பதுதான் காரணம். இன்னொருவர் தோட்டத்தில் கிடைத்த இலையை எல்லாம் வைக்கலாமா என்றார். கூடாது. உண்ணப்போகும் முட்டை, வசந்தத்தில் முளைக்கும் லில்லி ஆஃப் த வேலி போன்றவை நச்சு. பெயர் தெரிந்த, உண்ணக்கூடிய இலை மட்டும்.

மீந்த முட்டைக்கு இந்த ஊர் சொல்லும் வழி, பச்சை வியாழனிலிருந்து மேசைக்கு வரும் பிராங்க்ஃபர்ட் பச்சைச் சாறு: பார்ஸ்லி, சைவ் (வெங்காயத்தாள் போன்றது) தொடங்கி ஏழு வகைக் கீரைகளை நறுக்கிப் புளித்த பாலேட்டில் கலந்து, வேகவைத்த உருளைக்கிழங்கோடும் முட்டையோடும் சாப்பிடுவது. நன்றாகவே இருக்கும். எங்கள் வீட்டில் மீந்த முட்டை திங்கட்கிழமை முட்டைக் குழம்பாகிவிடுகிறது. ஓடு கீறியிருந்த முட்டைகளின் வெள்ளைக்கருவில் சாயம் இறங்கிப் பழுப்பு நரம்பாக ஓடியிருக்கும். என் மகள் சட்டியில் அதைத்தான் முதலில் தேடுவாள்.