ரீனோவில் ஆறு வாரம்: விவாகரத்துக்குப் போன பெண்களைச் சிக்கவைத்த தவறுகள்

1966-ல் சட்டம் திருத்தப்படும் வரை நியூயார்க் மாநிலத்தில் விவாகரத்துக்கு ஒரே காரணம்தான் செல்லும்: துணையின் கள்ள உறவு. அடி, குடி, வருடக்கணக்கில் முகம் பார்க்காத வாழ்க்கை எதையும் நீதிமன்றம் காதில் போட்டுக்கொள்ளாது. நெவாடா மாநிலமோ, விவாகரத்துக் கேட்பவர் முதலில் அங்கே தங்கியிருக்க வேண்டிய வசிப்புக் காலத்தை 1931-ல் மூன்று மாதத்திலிருந்து ஆறு வாரமாகக் குறைத்தது. 'கடும் கொடுமை' என்ற காரணத்தின் கீழ் மனவேதனையையும் அது ஏற்றுக்கொண்டது. அதனால்தான் 1940களிலும் 50களிலும் பெண்கள் கிழக்குக் கரையிலிருந்து ரயிலேறி நெவாடாவின் ரீனோ நகருக்கு வந்தார்கள். அங்கே தீர்ப்பு வாங்குவது பெரிய காரியமில்லை. அந்தத் தீர்ப்பு சொந்த ஊரில் செல்லுமா என்ற இடத்தில்தான் பலர் மாட்டிக்கொண்டார்கள்.

ஆறு வாரத்தை விடுமுறைபோல நினைத்தது ஒரு தவறு. ஆள் நெவாடாவுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவர், பெரும்பாலும் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவோ பண்ணை விடுதி நடத்துபவரோ, அந்தப் பெண்ணைத் தினமும் பார்த்ததாக நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். பக்கத்திலிருக்கும் தாஹோ ஏரியின் குறுக்கே கலிபோர்னியா எல்லை ஓடுகிறது. எதிர்க்கரையில் இரவு தங்கிவிட்டு வந்தால் சாட்சி சொல்ல வேண்டியவருக்குச் சங்கடம். கணக்கில் விழுந்த ஓட்டையைக் கூடுதல் நாள் தங்கி அடைக்க வேண்டிவரும்.

வழக்கு விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிடும். எப்போது வந்தீர்கள், அன்றிலிருந்து இங்கேயேதான் இருக்கிறீர்களா, நெவாடாவையே இருப்பிடமாகக் கொள்ளும் எண்ணத்தோடு வந்தீர்களா என்று வழக்கறிஞர் வரிசையாகக் கேட்பார். 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு அன்று மாலையே ஊருக்கு ரயிலேறியவர்கள் ஏராளம். அந்தப் பொய்யை அவர்கள் வாயில் வைத்தது அவரவர் மாநிலத்துச் சட்டமே. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது அவர்கள்தான்.

வில்லியம்ஸ் எதிர் வட கரோலினா வழக்கே இதற்குச் சாட்சி. வேறு வேறு துணையோடு வாழ்ந்த ஓர் ஆணும் பெண்ணும் வட கரோலினாவிலிருந்து லாஸ் வேகஸ் போய், ஒரு மோட்டார் விடுதியில் தங்கி, ஆளுக்கொரு விவாகரத்து வாங்கினார்கள். அங்கேயே மணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். ஊரில் அவர்கள்மேல் இருதாரக் குற்ற வழக்குப் பாய்ந்தது. 1942-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1945-ல் அதே வழக்கு மறுபடி வந்தபோது, நெவாடாவில் அவர்கள் உண்மையிலேயே குடியேறினார்களா என்பதை வட கரோலினா தானே ஆராய்ந்து முடிவு செய்யலாம் என்று சொல்லி, தண்டனையை உறுதி செய்தது. அதற்குப் பிறகு, கையில் திரும்பும் பயணச்சீட்டோடு வருவதும், ஊரில் வாடகை வீட்டை விடாமல் வைத்திருப்பதும் வெறும் சிக்கனமாக இருக்கவில்லை. எதிர்த்தரப்புக்குக் கிடைத்த ஆதாரமாயின. கைச்செலவுக்கு ரீனோவில் வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கு அதுவே வசிப்புக்கு ஒரு நல்ல அத்தாட்சியானது.

இதைவிடப் பெரிய தவறு, கணவரிடம் கையெழுத்து வாங்காமல் புறப்படுவது. ரீனோ வழக்கறிஞர் ஒருவருக்குக் கணவர் வக்காலத்துக் கொடுத்து, அவர் சார்பில் பதில் மனு தாக்கலாகிவிட்டால் வழக்கின் தன்மையே மாறிவிடும். இரு தரப்பும் முன்னிலையாகிப் பெற்ற தீர்ப்பை, வசிப்பு பொய் என்று சொல்லிச் சொந்த மாநிலத்தில் கிளற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948-ல் தீர்த்துவைத்தது. கணவர் முன்னிலையாகாவிட்டால் நெவாடா நீதிமன்றம் திருமண பந்தத்தை மட்டுமே அறுக்கலாம். அவரை ஜீவனாம்சம் கொடுக்கவைக்க அதற்கு அதிகாரமில்லை. குழந்தைகள் யாரிடம் இருப்பது என்பதிலும் இதே சிக்கல் வரும். ஆகவே வீடு, மாதத் தொகை, பிள்ளைகள், ரீனோ செலவு யார் தலையில் என்பதையெல்லாம் பிரிவு ஒப்பந்தமாக எழுதி, ரயிலேறுவதற்கு முன்பே இருவரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். விவரம் தெரிந்த வழக்கறிஞர்கள், ஒப்பந்தம் தீர்ப்புக்குள் கரைந்துபோகாமல் தனியாகவும் செல்லுபடியாகும் என்று ஒரு வரியைக் கேட்டுச் சேர்த்தார்கள். அந்த வரி இருந்தால் பிற்பாடு பணம் வராதபோது ஒப்பந்தத்தை வைத்தும் வழக்குப் போடலாம்.

ஊரில் தங்கிவிட்ட மனைவிக்கு இதே விதி தலைகீழாக வேலை செய்தது. கணவர் ரீனோ போய், அங்கிருந்து தபாலில் ஒரு தாள் வரும்: 'வழக்கில் முன்னிலையாகச் சம்மதம்.' சண்டை வேண்டாம் என்று அதில் கையெழுத்திட்டவர், நியூயார்க்கில் தனக்கிருந்த பிடியைத் தன் கையாலேயே தளர்த்திக்கொண்டார். கையெழுத்திடாமல் இருந்தால், நியூயார்க் நீதிமன்றம் ஏற்கெனவே ஆணையிட்ட ஜீவனாம்சத்தை ரீனோ தீர்ப்பு தொட முடியாது. 1948-ன் எஸ்டின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்.

செலவு மிச்சம் என்று மெக்சிகோவிலிருந்து தபாலிலேயே விவாகரத்து வாங்கியவர்களும் உண்டு. இருவருமே அந்த மண்ணில் கால் வைக்காத அந்தத் தாளை நியூயார்க் நீதிமன்றங்கள் செல்லாது என்றன. அதை நம்பி மறுமணம் செய்தவரின் இரண்டாவது திருமணமும் சேர்ந்து ஆட்டம் கண்டது.

சின்ன விஷயங்களிலும் கவனம் தேவைப்பட்டது. கல்யாணத்துக்கு முந்தைய பெயர் திரும்ப வேண்டுமென்றால் அதை மனுவிலேயே கேட்டு, தீர்ப்பிலும் எழுதவைத்துவிடுவது நல்லது. சான்றளித்த நகல்களை ஊர் திரும்புமுன் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். வங்கி விஷயத்தைப் பெரும்பாலோர் கடைசியில்தான் யோசித்தார்கள். கடையில் பற்றுக் கணக்கு, வீட்டுக் கடன் எல்லாம் கணவர் பெயரில் இருந்ததால், பிரிந்த மறுநாளே மனைவியின் கடன் வரலாறு வெறுமையாகிவிடும். பெண் என்பதாலோ விவாகரத்தானவர் என்பதாலோ கடன் மறுக்கக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் 1974-ல்தான் வந்தது. எனவே தன் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, அதில் கொஞ்சம் பணம் போட்டுவிட்டு ரயிலேறியவர்களே திரும்பி வந்து வாடகைக்கு வீடு பிடிக்கச் சிரமப்படாமல் இருந்தார்கள்.