டெஸ்க்டாப் ஆப்புக்கு ஆட்டோமேஷன் டூல்: பட்டியலை மூடுங்கள், இன்ஸ்பெக்ட்டைத் திறங்கள்

"டெஸ்க்டாப் ஆப் ஒன்றை ஆட்டோமேட் பண்ணணும், எந்த டூல் நல்லது?" ஆளுக்குப் பதில் டூலே ஆப்பைக் கிளிக் செய்து சோதிக்க வேண்டும் என்று டெஸ்டிங்குக்குப் புதிதாக வருகிறவர்கள் இப்படிக் கேட்டால், "ஆப் எதில் எழுதியிருக்கிறார்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. அதற்குள் டூல் மட்டும் இறங்கியிருக்கும். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான்.

வெப்சைட் என்றால் இந்தக் கவலை குறைவு. எந்தத் தளமானாலும் உள்ளே ஹெச்டிஎம்எல் இருக்கும். செலினியம், பிளேரைட் என்று பிரவுசரை ஓட்டும் டூல்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆரம்பித்துவிடலாம். டெஸ்க்டாப்பில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பட்டன்களில் ஒன்று விண்டோஸ் கொடுத்ததாக இருக்கும், இன்னொன்று புரோகிராமர் தன் கையால் வரைந்த வெறும் படமாக இருக்கும். முதலாவதைக் கிட்டத்தட்ட எல்லா டூலும் பிடித்துவிடும். இரண்டாவதிடம் விலையுயர்ந்த டூலும் திணறும்.

விண்டோஸை மட்டும் எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு ஒரு கடை பில்லிங் மென்பொருள்: பொருளின் குறியீட்டைப் போட ஒரு பெட்டி, அளவு போட ஒரு பெட்டி, நடுவில் பெரிய கிரிட் (வரிசை வரிசையான அட்டவணை), கீழே 'சேமி' பட்டன்.

படி 1: ஆப்பின் பூர்வீகத்தை விசாரியுங்கள்

டெவலப்பரிடம் கேட்டால் ஒரு நிமிட வேலை. கேட்க ஆளில்லை என்றால் ஆப் இன்ஸ்டால் ஆன ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். 'க்யூட்டி5கோர்', 'க்யூட்டி6கோர்' என்ற டிஎல்எல் ஃபைல் இருந்தால் அது க்யூட்டி என்ற கருவித்தொகுப்பில் கட்டியது. ஜார் ஃபைல்கள் இருந்தால் ஜாவா. 'ரிசோர்சஸ்' ஃபோல்டருக்குள் 'ஆப்.அசார்' என்று ஒரு ஃபைல் கிடந்தால் எலக்ட்ரான், அதாவது டெஸ்க்டாப் வேஷம் போட்ட வெப்சைட். இது எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த முறைகளான வின்ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப், அல்லது பழைய வின்32.

படி 2: டூலின் கண்ணால் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

புரோகிராமர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் கருவித்தொகுப்பான விண்டோஸ் எஸ்டிகேயுடன் 'இன்ஸ்பெக்ட்' என்று ஒரு சின்ன புரோகிராம் வரும். அது கரடுமுரடாகத் தெரிந்தால் மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் 'அக்செசிபிலிட்டி இன்சைட்ஸ்' இருக்கிறது. எதைத் திறந்தாலும், ஆப்பின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் அந்த இடத்தில் இருக்கும் கண்ட்ரோலின் (பட்டன், பெட்டி போன்றவற்றின்) ஜாதகத்தைக் காட்டும். மூன்று விஷயங்களைப் பாருங்கள்: பெயர், கண்ட்ரோலின் வகை, டூல் அதை அடையாளம் காண உதவும் ஆட்டோமேஷன் ஐடி.

இந்த விவரங்கள் டெஸ்டிங்குக்காக மட்டும் உருவானவை அல்ல. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்க்ரீன் ரீடர்களுக்கு 'இது பட்டன், இதன் பெயர் சேமி' என்று ஆப் சொல்ல ஒரு வழி வேண்டும். அதற்காக மைக்ரோசாஃப்ட் 1997-இல் ஆக்டிவ் அக்செசிபிலிட்டி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிறகு விண்டோஸ் விஸ்டா காலத்தில் அதைவிட விரிவான யூஐ ஆட்டோமேஷன் (சுருக்கமாக யூஐஏ) வந்தது. நம் டூல்களில் பல அந்தப் பாதையில்தான் ஓடுகின்றன. ஸ்க்ரீன் ரீடரால் படிக்க முடியாத ஆப் உங்கள் டெஸ்டுக்கும் ஊமையாகத்தான் இருக்கும்.

இப்போது ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் டெஸ்ட் தொடப்போகும் பத்து கண்ட்ரோல்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே குறியுங்கள்: இன்ஸ்பெக்ட்டில் தனியாகத் தெரிகிறதா? ஐடி இருக்கிறதா? ஆப்பை மூடித் திறந்த பிறகும் அதே ஐடிதானா? மூன்றாவது கேள்வியைத் தவறவிடாதீர்கள். சில ஆப்களில் ஐடி என்று தெரிவது ஒவ்வொரு முறையும் மாறுகிற எண்ணாக இருக்கும். அதை நம்பி எழுதிய டெஸ்ட் மறுநாள் ஓடாது.

நம் பில்லிங் ஆப்பில் பெட்டிகளும் பட்டனும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். கிரிட்டில்தான் வினை. உள்ளே இருக்கும் வரிசைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, அல்லது மொத்த கிரிட்டும் ஒரே பெட்டியாகத் தெரிகிறதா? இந்த ஒரு பதில்தான் டூலைப் பாதி தீர்மானிக்கும்.

ஐடி காலியாக இருந்தால் உடனே வேறு டூலைத் தேடாதீர்கள். டெவலப்பரிடம் போங்கள். வின்ஃபார்ம்ஸில் கண்ட்ரோலின் 'நேம்' பண்பும், டபிள்யூபிஎஃப்பில் 'எக்ஸ்:நேம்' என்பதும் வழக்கமாக ஆட்டோமேஷன் ஐடியாக வெளியே வரும். அவருக்கு அது ஒரு வரி வேலை. நேரில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். டிக்கெட் போட்டால் அது மூன்று ஸ்பிரிண்ட், அதாவது பல வாரம், தூங்கும்.

ஆப் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஓடுமென்றால் திரையில் தெரியும் பெயரை வைத்துத் தேடவே தேடாதீர்கள். மொழியை மாற்றியதும் 'சேமி' 'சேவ்' ஆகிவிடும். ஐடி மாறாது.

படி 3: நோட்டைப் பார்த்து டூலைத் தேடுங்கள்

பத்தில் எட்டு, ஒன்பது தெரிகிறது என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இனி உங்கள் டீமுக்குப் பழகிய மொழிதான் கேள்வி. பைத்தான் என்றால் பைவின்ஆட்டோ, சி ஷார்ப் என்றால் ஃப்ளாயுஐ. இரண்டும் இலவசம், இரண்டின் மூல நிரலும் யாரும் பார்க்கும்படி திறந்திருக்கிறது.

பைவின்ஆட்டோவில் புதியவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. அதற்கு 'வின்32', 'யூஐஏ' என்று இரண்டு பேக்எண்ட், அதாவது ஆப்பைப் பார்க்க இரண்டு வழிகள். எதுவும் சொல்லாவிட்டால் அது பழைய வின்32-ஐ எடுத்துக்கொள்ளும். டபிள்யூபிஎஃப் ஆப்பை அதில் திறந்துவிட்டு "உள்ளே ஒன்றுமே தெரியவில்லை" என்று புலம்புவார்கள். யூஐஏ என்று சொல்லித் திறந்தால் தெரியும். ஃப்ளாயுஐயிலும் இப்படி யூஐஏ2, யூஐஏ3 என்று இரண்டு: டபிள்யூபிஎஃப்புக்கு 3 சரி, வின்ஃபார்ம்ஸில் 3 தகராறு செய்தால் 2-ஐ முயன்று பாருங்கள்.

தேடினால் வின்ஆப்டிரைவர் என்ற டூலைப் புகழும் பழைய கட்டுரைகள் நிறைய வரும். மைக்ரோசாஃப்ட்டுடையது, செலினியம் தெரிந்தவர்களுக்குக் கைவந்த பாணி, எல்லாம் உண்மைதான். ஆனால் அதன் நிலையான கடைசிப் பதிப்பு 1.2.1 வந்தது 2020-இல். ஆப்பியம் என்ற இன்னொரு டூலின் விண்டோஸ் டிரைவரும் அடியில் அதைத்தான் ஓட்டுகிறது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் சொல்லமாட்டேன்.

ஜாவாவின் திரைக் கருவியான ஸ்விங்கில் எழுதிய ஆப் என்றால் இன்ஸ்பெக்ட்டில் வெறும் சட்டம் மட்டும் தெரியும், ஏனென்றால் பட்டன்களை ஜாவாவே வரைந்துகொள்கிறது. உள்ளே இருப்பதை வெளியே சொல்லும் ஜாவா அக்செஸ் பிரிட்ஜை இயக்கி, அதைப் புரிந்துகொள்ளும் டூலைப் பிடிக்க வேண்டும். ஆப்பின் மூல நிரல் உங்கள் கையில் இருந்தால் அசெர்ட்ஜே ஸ்விங் என்ற லைப்ரரி இன்னொரு வழி. எலக்ட்ரானுக்கு பிளேரைட்டில் சோதனை நிலை ஆதரவு இருக்கிறது. முன்பு புழக்கத்தில் இருந்த ஸ்பெக்ட்ரானை 2022 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். க்யூட்டி ஆப்பில் இன்ஸ்பெக்ட் ஏமாற்றினால், காசு கொடுக்க வழியிருந்தால் ஸ்க்விஷ் என்ற டூல்.

எதுவுமே தெரியவில்லை என்றால் படத்தைப் பார்த்துக் கிளிக் செய்யும் சிக்குலிஎக்ஸ் இருக்கிறது. மெக்சிகோவின் ஹுய்சோல் பழங்குடியினர் மொழியில் சிக்குலி என்றால் கடவுளின் கண் என்பார்கள். கடவுளின் கண்ணுக்கும் ஒரு பலவீனம்: திரையில் தெரிபவற்றின் அளவை (ஸ்கேலிங்) 100-இலிருந்து 125 சதவீதம் ஆக்கினால் அதற்குப் பட்டன் அடையாளம் தெரியாமல் போகலாம். அதனால் முழு டெஸ்டையும் படத்தில் கட்டாதீர்கள். ஊமையாக இருக்கும் அந்த ஒரு கிரிட்டுக்கு மட்டும் படம், மற்றதற்கெல்லாம் ஐடி.

டெஸ்ட்கம்ப்ளீட், ரானோரெக்ஸ் மாதிரி காசு டூல்களுக்கு டிரையல் உண்டு. விற்பவர்கள் லாகின் திரையில்தான் டெமோ காட்டுவார்கள். லாகின் திரையை யார் வேண்டுமானாலும் ஓட்டுவார்கள். நோட்டைத் திறந்து, இருப்பதிலேயே மோசமான கண்ட்ரோலைக் காட்டி "இதை ஓட்டுங்கள்" என்று சொல்லுங்கள்.

படி 4: இருபது முறை ஓட்டுங்கள்

இரண்டு டூல்களைத் தேர்ந்தெடுத்து, ஒரே காட்சியை இரண்டிலும் எழுதுங்கள்: பில்லைத் திற, மூன்று பொருள் சேர், மொத்தம் சரியா பார், சேமி. ஒருமுறை ஓடியதும் கைதட்டாமல் இருபது முறை ஓட்டுங்கள். எத்தனை தடவை விழுந்தது, விழுந்தபோது வந்த செய்தியைப் படித்தால் காரணம் புரிகிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். 'ஐந்து நொடி தூங்கு' என்று எங்கும் எழுதாதீர்கள். பட்டன் தயாராகும்வரை காத்திருக்கும் வசதி இரண்டு டூலிலும் உண்டு.

கையைப் பழக்க விண்டோஸ் கால்குலேட்டரை எடுக்காதீர்கள். எளிது போலத் தெரியும். ஆனால் விண்டோஸ் 10 முதல் 'கால்க்' என்பது இன்னொரு ஆப்பைக் கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வெறும் வாயிற்காப்போன். நீங்கள் திறந்த புராசஸ் ஒன்று, திரையில் இருப்பது வேறொன்று. முதல் நாளே மனம் வெறுத்துவிடும்.

படி 5: இரவில் எங்கே ஓடும்?

நான் அடி வாங்கிய இடம் இது. பகலில் என் கண் முன்னால் எல்லா டெஸ்டும் பச்சை. இரவு ஓட்டினால் காலையில் வரிசையாகச் சிவப்பு, ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் கறுப்பு. ஒரு வாரம் டூலைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், வேறொரு இயந்திரத்தின் திரையை இங்கே காட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பில் டெஸ்டைக் கிளப்பிவிட்டு, அந்த ரிமோட் ஜன்னலை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். மூடியதும் அந்த செஷனில் (லாகின் செய்த அமர்வில்) திரையே இல்லை. திரை இல்லாத இடத்தில் மவுஸ் எதைக் கிளிக் செய்யும்?

டெஸ்டைத் தானாகக் கிளப்பும் ஜென்கின்ஸை விண்டோஸ் சர்வீஸாக, அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராமாக, ஓட்டினாலும் இதே கதி. விஸ்டாவிலிருந்து சர்வீஸ்கள் பயனர் திரையைத் தொட முடியாத தனி செஷனில் அடைபட்டிருக்கின்றன. டெஸ்டை ஓட்டும் ஜென்கின்ஸ் ஏஜென்ட்டை, லாகின் செய்த பயனரின் கீழ் சாதாரண புரோகிராமாக ஓட்டுங்கள். ஆப் அட்மின் அனுமதியில் ஓடினால் டெஸ்டும் அதே அனுமதியில் ஓட வேண்டும்.

ரிமோட் டெஸ்க்டாப்தான் ஒரே வழி என்றால், ஜன்னலை மூடுவதற்குப் பதில் 'டிஎஸ்கான்' கட்டளையால் செஷனை அந்த இயந்திரத்தின் சொந்தத் திரைக்கே திருப்பிவிட்டு வெளியே வரலாம். திரை பூட்டாமல் அப்படியே திறந்து கிடக்கும் என்பதால், யாரும் போய் உட்கார முடியாத அறையில் இருக்கும் இயந்திரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.